எம்.எல்.ஏ. பதவி போனால் ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் என்கிறார்களே, பாப்பிரெட்டிப்பட்டி மட்டும் ஏன் 20 மாதம் காத்திருந்தது?

மலைக்காப்பி (ஏற்காடு):

வணக்கம். இரண்டு நாளாக எனக்கும் மாமனாருக்கும் இதே பேச்சுதான். எம்.எல்.ஏ. பதவி பறிபோனால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று நான் சொல்லப்போக, பாப்பிரெட்டிப்பட்டிக்காரரான அவர், "எந்தச் சட்டம் மாப்பிள்ளை? எங்களுக்கு 2017 புரட்டாசியில போன எம்.எல்.ஏ.வுக்குப் பதிலா 2019 வைகாசியிலதான் ஆள் வந்தாங்க" என்று மடக்கிவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கோர்ட்டில் தண்டனை வாங்கிப் பதவி போவதும், கட்சித் தாவல் சட்டத்தில் போவதும் ஒன்றுதானா? மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்டால் பழைய பதவி திரும்பக் கிடைக்குமா? ஜெயித்து வருகிறவருக்கு முழுதாக ஐந்து வருடம் உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

அம்மாபேட்டை குமாஸ்தா:

நீங்கள் சொல்வதும் சரி, மாமனார் சொல்வதும் சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு ஆறு மாதம் என்றுதான் சொல்கிறது. பேரவையின் மீதிக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு என்றாலோ, நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து பேசிச் சான்று கொடுத்தாலோ நடத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாமனார் ஊர் விஷயம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டது. முதல்வருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரை 2017 செப்டம்பர் 18 அன்று கட்சித் தாவல் சட்டத்தில் பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டுமே அதில் அடக்கம். வழக்கு முடியும் வரை தேர்தலை அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்றுதான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடித்து வைத்தார். அப்புறம் 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஓட்டுப்பதிவு. மே 23 அன்று எண்ணிக்கை.

தண்டனையில் போவது வேறு கணக்கு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தீர்ப்பு வந்த அன்றே பதவி போய்விடும். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டால் பதவி தங்கும், அந்தச் சலுகையை 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் ஆறு வருடம் நிற்க முடியாது. கட்சித் தாவலில் அந்தத் தடை இல்லை. கர்நாடகத்தில் 2019-ல் தகுதி நீக்கமானவர்கள் இடைத்தேர்தலில் நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

விடுதலை பற்றிக் கேட்டீர்கள். இடைத்தேர்தல் நடந்து முடிந்துவிட்டால் அந்த இடம் திரும்பாது. ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை, 2015 பிப்ரவரி 13 அன்று ஸ்ரீரங்கம் இடைத்தேர்தல். மே 11 அன்று விடுதலை ஆனார், ஆனாலும் ஆர்.கே.நகரில் புதிதாக நின்று ஜெயித்துத்தான் பேரவைக்குள் வர முடிந்தது. பொன்முடிக்கு அப்படியில்லை. இடைத்தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததால் திருக்கோவிலூர் அவருக்கே திரும்பியது. ஐந்து வருடம் கிடையாதுங்க, ஜெயிக்கிறவருக்கு மீதிக் காலம் மட்டும்தான்.

மஞ்சவாடிக்காரன்:

குமாஸ்தா அண்ணா சட்டத்தைச் சொல்லிவிட்டார், அந்த 20 மாதம் எப்படி இருந்தது என்பதை நான் சொல்கிறேன். எங்கள் ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் என் அத்தை பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் காலால் கல்லைத் தேடித் தேடி வைத்துத்தான் சொசைட்டிக்குப் போவார். ஒரு சின்னத் தரைப்பாலம் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்டு மனு எழுதினோம். கொண்டுபோன இடத்தில் எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எம்.எல்.ஏ.வே இல்லைங்களே என்றோம். வந்த பிறகு வாருங்கள் என்றார்கள். அந்த மனு மஞ்சப்பையிலேயே கிடந்து, மடிப்பு விட்டு, பசை டேப் ஒட்டி மறுபடி எடுத்துப் போனோம். தகுதி நீக்கம் சரியா தப்பா என்று டிவியில் தினமும் பேசினார்கள். ஓட்டுப் போட்ட நாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான். கோர்ட்டில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வழக்கு நடக்கட்டும், அதுவரை தொகுதி மனுவுக்கு யார் கையெழுத்து என்று தெளிவாக ஒரு ஏற்பாடு வேண்டாமா?

லீ பஜார் மிளகு:

ஏற்காட்டு நண்பருக்கு 2013 டிசம்பர் 4 மறந்திருக்காது. அது எம்.எல்.ஏ. பெருமாள் இறந்ததால் வந்த இடைத்தேர்தல், அவர் மனைவி சரோஜா 78,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா பட்டன் வந்ததும் நம் மலையில்தான். மனைவி நின்றால் ஜெயம் என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஓசூரில் அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டிக்கு 2019 ஜனவரியில் மூன்று வருடத் தண்டனை வந்து பதவி போனது, அவர் மனைவி நின்றும் தி.மு.க.தான் ஜெயித்தது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. இடைத்தேர்தல் அறிவித்தால், மாநகராட்சிக்குள் இருக்கும் தொகுதி என்றால் அந்தத் தொகுதியோடு தேர்தல் நடத்தை விதி நின்றுவிடும். ஏற்காடு மாதிரித் தொகுதி என்றால் மாவட்டம் முழுக்க வரும். 2013-ல் பழம் பறிக்கிற ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுக்கப் பணம் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன், அடிவாரத்தில் பறக்கும் படை நிறுத்தி, பேங்க் சீட்டைக் காட்டியும் இரண்டு மணி நேரம் ஆனது. மேலே போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மலைக்காப்பி:

ரொம்ப நன்றிங்க. மாமனாரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். மஞ்சவாடி அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டு, "பாலம் வந்துச்சான்னு கேளு" என்றார்.

மஞ்சவாடிக்காரன்:

2020 மழைக்கு முன்னால் குழாய் பதித்து மண் கொட்டிக் கொடுத்தார்கள் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். எம்.எல்.ஏ. இல்லாத தொகுதிக்காரர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அந்தக் கூட்டமும் நடக்காது, அதற்கு முன்பே போங்கள்.