வேலை போன நேரத்தில் சொந்த ஆப்பைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா?

ரஸ்தாக்காரன்
சென்னையில் பார்த்த பேக்கெண்ட் (சர்வர் பக்கத்து நிரல் எழுதும்) வேலை ஆட்குறைப்பில் போய்விட்டது, இப்போது தேவகோட்டை ரஸ்தாவில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வேலையில் இருந்தபோதே இரவு நேரங்களில் ஒரு ஆப் எழுதினேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை, அதாவது கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் கல்லைப் போடும் பட்டறைக்கானது. அறையின் நீள அகலமும் ஓரத்துக்கு எந்த டிசைன் என்பதும் கொடுத்தால், நடுவுக்கு எத்தனை கல், ஓரத்துக்கு எத்தனை, மூலைக்கு எத்தனை, எந்த நிறம் எவ்வளவு, ஊற வைக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எந்தத் தேதியில் எடுக்கலாம் என்று சொல்லும். ஒரு பட்டறைக்காரர் தினமும் பயன்படுத்துகிறார், மாதம் சிறு தொகையும் தருகிறார். இன்னும் நாலு பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். வீட்டிலும் மச்சானும் இதை மூட்டை கட்டிவிட்டு இன்டர்வியூவுக்குப் படி என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

புதுவயல்
வீட்டில் சொல்வதுதான் சரி தம்பி. ஐடி வேலைகளின் 2001, 2008 இரண்டு சரிவையும் உள்ளே இருந்து பார்த்தவன் நான். வேலை போனவுடன் நாலு பக்கமும் மனுப் போட்டவர்கள் முதலில் உள்ளே போனார்கள். சொந்தமாக ஏதாவது செய்துகொண்டு இருக்கிறேன் என்றவர்களுக்கு ரெஸ்யூமேயில் இடைவெளிதான் வளர்ந்தது. நானும் ஆள் எடுக்கிறேன், முக்கால் மணி நேரத்தில் கோடிங், சிஸ்டம் டிசைன் கேட்டு முடிக்கவே நேரம் போதாது, நீ எழுதிய நிரலைப் போட்டு வைத்திருக்கும் கிட்ஹப் பக்கத்தை யார் திறந்து பார்ப்பது?

அப்புறம், வேலையில் இருக்கும்போது எழுதினேன் என்கிறாய். பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 17வது பிரிவின்படி வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். இரவில் சொந்த லேப்டாப்பில் எழுதியது அதில் வராது என்று நீ வாதாடலாம், ஆனால் சேரும்போது வாங்கும் ஒப்பந்தத்தில் சட்டத்தைவிட அகலமாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. 2022ல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று விப்ரோ 300 பேரை அனுப்பியது நினைவிருக்கட்டும்.

ரஸ்தாக்காரன்
அண்ணே, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கம்பெனியின் தொழில் சம்பந்தப்பட்டதற்கு மட்டும்தான் அதில் உரிமை கேட்டிருந்தார்கள், அவர்கள் தொழிலுக்கும் சிமெண்ட் கல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவும் இல்லை.

ஆபீஸில் எனக்குப் பெரிய மென்பொருளின் ஒரே ஒரு சிறு பகுதி (சர்வீஸ்), அதோடு மற்ற பகுதிகள் பேசும் சில ஏபிஐ, அவ்வளவுதான் உலகம். இந்த ஆப்பில் எல்லாமே என் தலையில். பிளே ஸ்டோரில் 25 டாலர் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். புதிதாகத் தனிநபர் கணக்கு திறந்தவர் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். பட்டறை ஆட்களையும் சித்தப்பா வீட்டையும் சேர்த்துத்தான் அந்த 12 பேரை நிரப்பினேன். அப்புறம் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப வருஷா வருஷம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் புது ஃபோன்காரர்களுக்கு ஆப் கண்ணிலேயே படாது.

பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் வேலை புரிகிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றுகிறார்கள், பின்னால் சிமெண்டும் மணலும், சூளையே கிடையாது, காய்ந்து பிறகு தண்ணீரில் ஊற வேண்டும். நிறம் கைப்பக்குவம். பாதி ஹாலுக்குப் போட்ட பிறகு கல் குறைந்தால், மறுபடி போடும் கல்லில் அந்தப் பச்சை அப்படியே வராது. அதனால் எண்ணிக்கை தப்புவது இங்கே பெரிய நஷ்டம். இதை எந்தக் கோடிங் கேள்வி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்?

செக்காலை
தம்பி பக்கம்தான் நான். ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பர்மாவில் வட்டிக்கடை வைத்து எல்லாவற்றையும் அங்கேயே போட்டிருந்த வீடுகள் 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் என்ன ஆயின? சம்பளம் ஒரு கை, சொந்த வேலை ஒரு கை என்று இருக்கிறவன் வேலை போச்சு என்று வரும் ஒரு மெயிலில் விழ மாட்டான்.

புதுவயல்
அண்ணே, அதே பர்மாக் கதை என் பக்கமும் பேசும். பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்தவர்), மேலாளாகி (கடையை நடத்துபவர்), அதுவரை சம்பளத்துக்குத்தானே இருந்தார்கள்? கையில் காசு சேர்ந்த பிறகுதான் சொந்தக் கடை. இந்தத் தம்பிக்கு இன்றைக்குச் சம்பளம் இல்லை. ஆத்தங்குடியில் எல்லாப் பட்டறையும் சேர்ந்தாலும் ஒரு சென்னைச் சம்பளம் வருமா?

கோட்டையூர் அக்கா
இருவரும் நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தை பிறந்த பிறகு எனக்கு இரவு என்று ஒன்று மிச்சம் இல்லை. சொந்த ப்ராஜெக்ட் என்ன வைத்திருக்கிறாய் என்று இன்டர்வியூவில் கேட்கும்போது வேலை தெரியாதவள் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது, அது அநியாயம். அதை வைத்து ஆளை எடை போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் தம்பி செய்வது வேறு. ஒருவர் காசு கொடுத்து வாங்கும் பொருள் அது. அதனால் என் கோபம் அந்தச் "சிறு தொகை" மேல்தான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் பதறின, அந்த மென்பொருளைப் பராமரித்தவர்களோ பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் சும்மா செய்துகொண்டிருந்தவர்கள். உழைப்பை மலிவாகக் கொடுத்துப் பழக்கினால் நாளைக்குக் கூட்டிக் கேட்க முடியாது. கல் குறைந்து ஒரு ஹால் வீணானால் பட்டறைக்காரருக்கு எவ்வளவு போகும் என்று கேட்டு, அதிலிருந்து விலையைப் போடு. எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் போடு, அவர் சொன்ன யோசனைகளும் ஆப்பில் இருக்கிறதே.

ரஸ்தாக்காரன்
விலை விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அக்கா, அடுத்த மாதத்திலிருந்து புது விலை பேசுகிறேன். காலையில் இன்டர்வியூவுக்குப் படிக்கவும் செய்கிறேன் அண்ணே, அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆப்பை மூடச் சொன்னால்தான் முடியாது. அந்தப் பட்டறையில் ஆர்டர் நோட்டை விட்டுவிட்டார்கள், நான் பாதியில் விட்டால் அவர்களுக்கு நட்டம்.

புதுவயல்
என் கருத்து மாறவில்லை, ஆறு மாதம் வேலை இல்லாமல் போனால் அப்போது தெரியும். ஆனால் கல் எண்ணிக்கை தப்பினால் என்ன நஷ்டம் என்று மேலே எழுதினாயே, அந்தப் பத்தியை ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் போடு. நான் ஆள் எடுக்கும்போது அப்படி ஒன்றைப் பார்த்தால் நின்று கேள்வி கேட்பேன். எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.