ரொட்டிக்கு நின்ற வரிசை ஜார் ஆட்சியைக் கவிழ்த்தது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு ரேஷன் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியில் படிக்கும் என் மகளின் வரலாற்றுப் பாடத்தில், 1917 பிப்ரவரியில் ரஷ்யத் தலைநகரில் ரொட்டித் தட்டுப்பாடு ஏற்பட்டது, மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார் என்று மூன்றே வாக்கியங்களில் எழுதி முடித்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரேஷன் கடை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இது செரிக்கவில்லை. லோடு நான்கு நாள் தாமதமானால் என் கடை வாசலில் ஏசுவார்கள், சிலர் தாலூகா அலுவலகம் வரை போவார்கள், அரிசி வந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உலகுக்கே கோதுமை விற்ற ஒரு நாட்டில் ரொட்டி ஏன் கிடைக்காமல் போயிற்று என்பது என் முதல் ஐயம். 1613 முதல் 304 ஆண்டுகள் ஆண்ட ரோமானோவ் குடும்பம் எட்டே நாளில் எப்படி விழுந்தது என்பது இரண்டாவது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஒலவக்கோட்டிலிருந்து, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்

ஐயா, உங்கள் முதல் ஐயத்துக்குச் சரக்கு வண்டிகளோடு காலம் கழித்த நான் பதில் சொல்லலாம் என நினைக்கிறேன். ரஷ்யாவில் தானியம் இருந்தது. ஆனால் அது விளைந்தது தெற்கே உக்ரைனிலும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும்; தலைநகரான பெத்ரோகிராடு இருந்ததோ வடமேற்கு மூலையில். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் இருந்த எஞ்சின்களும் வேகன்களும் படைகளையும் குண்டுகளையும் போர்முனைக்குக் கொண்டு செல்லத் திருப்பப்பட்டன. பழுதானவற்றைச் சரிசெய்ய வேண்டிய பட்டறைகளும் போர்த்தளவாடம் செய்யத் தொடங்கிவிட்டன. போருக்கு முன்பு பெத்ரோகிராடு கடல் வழியாக இங்கிலாந்து நிலக்கரியைப் பெற்றுவந்தது. பால்டிக் கடல் அடைபட்டதும் அந்தக் கரியும் தெற்கிலிருந்து அதே தண்டவாளத்தில்தான் வந்தாக வேண்டும் என்றாயிற்று. ஆகவே மாவு வந்து சேர்ந்த நாளிலும் அடுப்பெரிக்க வழியில்லாமல் ரொட்டிச் சூளைகள் மூடிக் கிடந்தன. போத்தனூரில் வேகன்கள் தேங்கினால் பாலக்காட்டுக் கிடங்கில் மூட்டை குறைவதை நாம் பார்த்ததில்லையா? 1917 தொடக்கத்தில் கடும் குளிரும் பனியும் சேர்ந்துகொள்ள, பல தடங்களில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன.

உழவர்கள் தானியத்தை விற்கத் தயங்கியதற்கும் காரணம் உண்டு. அரசு அச்சடித்துத் தள்ளிய தாள் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. அதைக் கொடுத்து வாங்கத் துணியோ ஆணியோ கலப்பைக் கொழுவோ சந்தையில் இல்லை.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. மொகிலேவ் நகரில் படைத் தலைமையகத்தில் இருந்த ஜார், பிப்ரவரி 28 விடியற்காலையில் தலைநகர் திரும்பப் புறப்பட்டார். கிளர்ச்சியை அடக்கச் செல்லும் படைக்கு நேர்த்தடத்தை விட்டுக்கொடுத்து, அவருடைய வண்டி சுற்றுவழியில் போனது. இதற்கிடையில் பூப்ளிகோவ் என்ற துமா (ரஷ்ய நாடாளுமன்றம்) உறுப்பினர் போக்குவரத்து அமைச்சகத்தைக் கைப்பற்றி, ரயில்வேயின் சொந்தத் தந்திக் கம்பி வழியாகவே எல்லா நிலையங்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டார். மாலயா விஷேரா நிலையத்தை அடைந்தபோது முன்னால் உள்ள நிலையங்கள் கிளர்ச்சியாளர் கையில் இருப்பதாகத் தெரியவந்து, வண்டி வந்த வழியே திரும்பி, த்னோ என்ற சந்திப்பு வழியாக மார்ச் 1 மாலை பிஸ்கோவ் சென்றது. ரஷ்ய மொழியில் த்னோ என்றால் அடிமட்டம் என்று பொருளாம்! மாவு வண்டியை நிறுத்திய தண்டவாளமே மன்னரின் வண்டியையும் நிறுத்தியது. என்னைக் கேட்டால் அந்த ஆட்சி ரயிலில்தான் வீழ்ந்தது.

பதில்: சித்தூரிலிருந்து, வரலாறு முதுகலை மாணவி

ரயில்வே ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ரொட்டி வரிசைகள் 1916இலும் இருந்தன, வேலைநிறுத்தங்களும் இருந்தன. அதற்கும் முன்பு, 1905 ஜனவரி 9 அன்று மனு கொடுக்க வந்த தொழிலாளர் ஊர்வலத்தின் மீது அதே நகரில் படையினர் சுட்டார்கள். நாடே கொந்தளித்தும் படையின் பெரும்பகுதி ஜார் பக்கம் நின்றதால் அரியணை தப்பியது. எனவே வரிசையில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதோடு, துப்பாக்கி ஏந்தியவர்கள் என்ன செய்ய மறுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 23 சர்வதேச மகளிர் தினம். தலைநகரின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியேறி, பக்கத்து உலோக ஆலைகளின் வாசலில் நின்று ஆண்களையும் அழைத்தார்கள். அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்று அங்கிருந்த போல்ஷெவிக் என்ற புரட்சிக் கட்சியின் பொறுப்பாளர்கள் முன்னதாகவே சொல்லியிருந்தும் அந்தப் பெண்கள் கேட்கவில்லை என்பதை எந்தப் பாடநூலும் ஏனோ சொல்வதில்லை. அக்கட்சித் தலைவர் லெனினோ அப்போது சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார். புத்திலோவ் என்ற பெரிய உலோக ஆலை முந்தின நாளே கதவடைப்புச் செய்து தன் தொழிலாளரைத் தெருவுக்கு அனுப்பியிருந்தது. 24ஆம் தேதி ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கலகத்தை நாளைக்கே ஒடுக்குங்கள் என்று ஜார் 25ஆம் தேதி தந்தி அடிக்க, 26 ஞாயிறன்று படையினர் சுட்டுப் பலரைக் கொன்றார்கள்.

அந்த ஞாயிறு இரவுதான் திருப்பம் என்பேன். கூட்டத்தைச் சுட்ட வொலின்ஸ்கி படைப்பிரிவின் வீரர்கள் முகாமில் தமக்குள் பேசி, இனிச் சுடுவதில்லை என முடிவெடுத்து, திங்கள் காலையில் தங்கள் அதிகாரியைக் கொன்றுவிட்டு அடுத்தடுத்த முகாம்களுக்குச் சென்று மற்றவர்களையும் அழைத்தார்கள். தலைநகரில் இருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரில் பெரும்பாலோர் உழவர் வீட்டிலிருந்து புதிதாகப் பிடித்து வரப்பட்டவர்கள். அடுத்து போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்கள். அன்று மாலைக்குள் அவர்களில் பல்லாயிரம் பேர் மக்களோடு சேர்ந்துவிட, ஒரே மாளிகையில் துமா உறுப்பினர்களின் தற்காலிகக் குழுவும் தொழிலாளர், படைவீரர் பேரவையான சோவியத்தும் தோன்றின. இதை ரத்தம் சிந்தாத புரட்சி என்று சிலர் எழுதுகிறார்கள். அந்நகரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ இருக்க, அப்படி எழுதுவது தவறு.

ஜாரின் வண்டி நின்ற பிஸ்கோவிலும் நடந்தது அதுவே; படையே அவரைக் கைவிட்டது. போர்முனைத் தளபதிகள் அனைவரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. ஜாரின் சிற்றப்பா முறையினரான நிக்கோலாய் நிக்கோலாயெவிச் உட்பட எல்லோரும் பதவி விலகுமாறே தந்தி அனுப்பினார்கள். மார்ச் 2 இரவு, நின்றுகொண்டிருந்த அந்த ரயில் பெட்டியிலேயே ஜார் முடிதுறப்பில் கையொப்பமிட்டார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அவர் விலகினால் மகனோ தம்பியோ அமர்ந்திருக்கலாமே? இன்னொன்றும் கேட்கிறேன். மகளிர் தினம் மார்ச் 8 அல்லவா? தேர்வில் என் மகள் எந்த மாதத்தை எழுதுவது?

பதில்: சித்தூர் மாணவி

மகன் அலெக்சேய் ரத்தம் உறையாத நோயால் துன்புற்ற சிறுவன். அவனைப் பிரிய மனமின்றி, ஜார் அவன் பெயரிலும் சேர்த்தே துறந்து தம்பி மிகயீலுக்குக் கொடுத்தார். பாதுகாப்புக்கு உறுதி கூற எவரும் முன்வராத நிலையில், மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால் மட்டுமே ஏற்பேன் என்று மிகயீல் மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரஷ்யாவில் அப்போது வழங்கிய பழைய நாட்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. ஆகவே அவர்களுடைய பிப்ரவரி 23 நமக்கு மார்ச் 8. நாங்கள் மேலே தந்த தேதிகள் எல்லாம் பழைய கணக்கு. 1918 பிப்ரவரியில்தான் அங்கே நாட்காட்டியை மாற்றினார்கள். தங்கையைப் பிப்ரவரிப் புரட்சி என்றே எழுதி, பக்கத்தில் புதிய நாட்காட்டியின்படி மார்ச் என்றும் குறிப்பிடச் சொல்லுங்கள் ஐயா.