வேனில் வரும் காலைச் சாப்பாடு: பொதுச் சமையற்கூடமா, பள்ளி அடுப்பா?

இரண்டாம்வகுப்பு அப்பா:
என் மகன் படிக்கும் பள்ளியில் அடுப்பு வைக்க இடமில்லை. காலை உணவு பொதுச் சமையற்கூடத்திலிருந்து வேனில் வருகிறது. போன வாரம் பொங்கல் போட்ட அன்று சாம்பார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்றான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இருந்தாலும் பள்ளிக்குப் போய், எத்தனை மணிக்குச் சமைத்தார்கள், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "தினமும் வருது சார், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள், அடுத்த ஆண்டே 31,008 அரசுப் பள்ளிகள். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பும் பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், இதன் அருமை தெரியும். அதனால்தான் கேட்கிறேன். கிராமத்தில் செய்வதுபோல நகரத்திலும் பள்ளியிலேயே சமைத்தால் என்ன?

குழுக்காரி:
ஊராட்சிப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவில் இருக்கிறேன். பள்ளியிலேயேதான் சமைக்கணும் அண்ணே, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று எங்கள் திட்டத்தில் விதி வைத்திருக்கிறார்கள். என் மகள் தட்டில் விழப்போகிற உப்புமாவுக்கு வண்டு விழுந்த ரவையை நான் எடுப்பேனா? அடுப்பை விட்டு இறக்கிய கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆவி அடங்குவதற்குள் பரிமாறி முடித்துவிடுவோம். எந்த வேனும் அதற்கு ஈடாகாது.

தரக்கட்டுப்பாடு:
பெரிய கேன்டீன்களில் உணவுத் தரம் பார்ப்பதுதான் என் வேலை. நேரத்தைப் பற்றி அக்கா சொல்வது சரி. ஆனால் பள்ளியில் சமைத்தாலே பாதுகாப்பு என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 2004 ஜூலை 16, கும்பகோணம்: 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ பிடித்தது பள்ளிச் சமையல் நடந்த இடத்தில், அங்கிருந்து கூரைக்குப் பரவியது. 2013 ஜூலை 16, பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமம்: பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து. அதுவும் பள்ளியிலேயே சமைத்த சாப்பாடுதான்.

வேனில் வருவதற்கு வேறு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பொங்கல், உப்புமா, கிச்சடி எல்லாம் மாவுச்சத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடேயே வரும், கொதியிலும் சாகாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சில் ஒரு வகை, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆறிப்போனதைச் சூடு பண்ணிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

இதற்கெல்லாம் வழி உண்டு. பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றி, அது சூடேறியதும் கொட்டிவிட்டுச் சாப்பாட்டை நிரப்ப வேண்டும். சில்லென்ற எவர்சில்வர் தூக்கில் போட்டால் கொஞ்சம் சூட்டைப் பாத்திரமே குடித்துவிடும். நிறையப் போட்ட பாத்திரம் சூட்டைப் பிடித்து வைக்கும், அரைப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிக்குத்தான் அரைப் பாத்திரம் போகும், பெரும்பாலும் அதுதான் வேன் கடைசியாக நிற்கும் பள்ளியாகவும் இருக்கும். சமையற்கூடத்திலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 90 டிகிரி என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. கடைசிப் பள்ளியில், பரிமாறுவதற்குச் சற்று முன்னால், பாத்திரத்தின் நடுவில் வைத்துப் பார்க்கணும்.

குழுக்காரி:
தம்பி, பாத்திரத்தைப் பற்றிச் சொன்னீர்கள், மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஊருக்கு வேறொரு நிகழ்ச்சிக்காக அப்படிச் சாப்பாடு வந்தது. மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும் பாருங்கள், அதை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக, வழவழவென்று முந்தைய சாம்பார். மோந்தால் புளிச்ச வாடை. மேலே பாத்திரம் பளபளவென்று இருக்கிறது! தினமும் அத்தனை மூடியின் வளையத்தையும் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைக்க ஆள் யார்?

அப்புறம் அந்த ஆட்கள். விடிவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிற தினக்கூலிப் பெண்களுக்கு வயிற்றுப்போக்கு என்றால் லீவு எடுப்பார்களா? எடுத்தால் அன்றைய கூலி போச்சு. வாயைத் திறக்காமல் வந்து கொத்தமல்லி நறுக்குவார்கள். எங்கள் பள்ளியில் ஒருத்தி படுத்தால் நூறு பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து, உங்கள் கூடத்தில் ஆயிரக்கணக்கில்.

தரக்கட்டுப்பாடு:
ரப்பர் வளையம் உண்மைதான் அக்கா. இதற்காகவே இரண்டு செட் மூடி வைத்திருப்போம், ஒன்று காயும்போது மற்றொன்று போகும். உடம்பு சரியில்லாதவருக்குக் கூலியோடு விடுப்பு தராத சமையற்கூடத்தில் பாதுகாப்புத் திட்டம் என்று சுவரில் என்ன ஒட்டினாலும் செல்லாது. இந்த இரண்டையும் மறுக்க மாட்டேன். ஆனால் நகரத்தில் ஒரு வகுப்பறையை இரண்டாகத் தடுத்துப் பாடம் நடத்தும் பள்ளியில் கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பீர்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:
இரண்டு பேரும் சமைப்பவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். வாங்குகிற பக்கத்தில் நின்றவள் நான்.

பள்ளி உணவை ருசி பார்ப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஒரு ஆசிரியராவது சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறோம். நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டம். ருசி பார்த்தேன், சரியில்லை என்று பட்டது. இப்போது என்ன செய்வது?

மணி எட்டேகால். வரிசையில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாயிற்று. சில பேர் முந்தின ராத்திரியும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். திருப்பி அனுப்பினால் வேறு சாப்பாடு வராது. மேலிடத்திலிருந்து போன் வரும், எதற்குத் திருப்பினீர்கள், எழுதிக் கொடுங்கள் என்பார்கள். இந்த நிலையில் எந்தத் தலைமையாசிரியரும் லேசான சந்தேகத்துக்காகத் தடுக்க மாட்டார். "பரவாயில்லை, சூடா இருக்குல்ல, போடுங்க" என்றுதான் சொல்வார். கண்டாமனிலும் எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவரே சொன்னதாகச் செய்திகளில் வந்தது. சந்தேகப்பட ஆள் இருந்தார், நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை.

எனவே ஒவ்வொரு பள்ளியிலும் மாற்று உணவு இருப்பில் இருக்க வேண்டும். பிஸ்கட்டும், பக்கத்துக் கடையில் சொல்லி வைத்த வாழைப்பழமும் போதும். நிறுத்திய ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்று உத்தரவும் வேண்டும். இது இரண்டும் இல்லாமல் பதிவேட்டில் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

தரக்கட்டுப்பாடு:
டீச்சர், இந்தத் திரியில் இதுதான் முக்கியமான பதிவு. அதோடு ஒன்று: நாக்கை மட்டும் நம்ப முடியாது. மண்ணெண்ணெய் வாடை, ஊசல், கசப்பு இதெல்லாம் நாக்குக்குத் தெரியும். நோய் வரவைக்கும் அளவுக்குப் பாக்டீரியா இருந்தும் சாம்பார் நல்ல ருசியாகவே இருக்கலாம். அதற்குத்தான் மணியும் டிகிரியும். சமைத்து இறக்கிய நேரத்தைப் பாத்திரத்திலேயே எழுதி ஒட்டி அனுப்பினால், 60-க்குக் கீழே, இவ்வளவு நேரத்துக்கு மேல் என்றால் நிறுத்தலாம். ஆசிரியர் தன் சொந்த முடிவாக எடுத்துத் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

மாதிரி எடுத்து வைப்பதையும் விடக் கூடாது. 1996-இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி உணவால் 9,000-க்கும் மேற்பட்டோர் ஓ157 என்ற ஈ.கோலை வகைக் கிருமியால் நோயுற்றார்கள். அதன் பிறகு அங்கே சமைத்த உணவிலும் மூலப்பொருளிலும் கொஞ்சம் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கிறார்கள். நோய் வெளியே தெரிய நாளாகும். அதற்குள் சாப்பாட்டைக் கொட்டிவிட்டால் எதைச் சோதிப்பது? பொதுச் சமையற்கூடம் என்றால் ஒரே ஒரு ஃப்ரீசர் போதும். முப்பதாயிரம் பள்ளியில் அது நடக்குமா?

குழுக்காரி:
நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர் கேட்ட மாற்று உணவுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கிச்சடி அடிப்பிடித்தால் அரை மணியில் இன்னொரு அண்டா ரவை கிண்டிவிடுவோம். உங்களால் முடியாது. இடமில்லாத பள்ளிக்கு வேன் வரட்டும், சரி. இடமிருக்கிற நகரப் பள்ளிக்கும் மேற்பார்வை பார்க்கச் சுலபம் என்பதற்காக வேனை அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

தரக்கட்டுப்பாடு:
இடம் மட்டும் போதாது அக்கா. புகைபோக வழி, தண்ணீர், தீயணைப்பான், பிள்ளைகள் நடமாடாத தனி வாசல், இவ்வளவும் இருந்தால் நானே கையெழுத்துப் போடுவேன். அப்படி எத்தனை நகரப் பள்ளி இருக்கும் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

இரண்டாம்வகுப்பு அப்பா:
அடுப்பா வேனா என்று முடிவு செய்வது என் கையில் இல்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பாத்திரத்தில் இறக்கிய நேரம் ஒட்டி வர வேண்டும், பள்ளியில் மாற்று உணவு இருப்பு வேண்டும். தெர்மாமீட்டரைப் பெற்றோர்களே சேர்ந்து வாங்கித் தருகிறோம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:
வாங்கித் தராதீர்கள். நன்கொடை என்றால் உடைந்ததும் யாரும் மாற்ற மாட்டார்கள். சமையற்கூடத்தை நடத்துபவரின் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி மூன்றாவது கோரிக்கையாக எழுதுங்கள். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பதவி குறிப்பிட்டுத் தீர்மானத்தில் கேளுங்கள், அன்று தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் சேர்த்து.