ஒடியா பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம்

கேள்வி: திருப்பூரில் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கு நன்றாகப் போடுகிறார்கள். தமிழ்ப் பாடத்தில் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ அடிப்படைக் கற்றல் திட்டத்தில் முதல் படியான அரும்பு நிலையிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பு என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

பதில்: அவர்களை ஒரே பெஞ்சில் ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தமிழ்ப் பிள்ளைகளோடு கலந்து உட்கார வையுங்கள். அப்புறம், சோறு, தண்ணீர், இலை என்று படம் காட்டி இரண்டு மொழியிலும் சொல்ல வையுங்கள். ஒடியா சொல்லைத் தமிழ்ப் பிள்ளைகளும் கற்கட்டும்.

கேட்டவர்: சரி சார். தமிழும் தெரிந்த ஒரு ஒடிசா அம்மாவை உதவிக்குக் கூப்பிடலாமா?

பதில்: தாராளமாக. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.