சர்வோ சுழன்றதும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, உதவி தேவை

வணக்கம், மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 10 வயது. பள்ளி விட்டு வந்தால் செல்போனும் கையுமாக இருந்தவள், மூன்று வாரமாக, கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். போன் எங்கே என்றுகூடக் கேட்பதில்லை.

பயன்படுத்துவது ஆர்டுயினோ ஊனோ (எல்லாவற்றையும் இயக்கும் சின்ன போர்டு), எச்சிஎஸ்ஆர் 04 சென்சார் (கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது), எஸ்ஜி 90 சர்வோ (மூடியைத் தூக்கும் சின்ன மோட்டார்). சர்வோவுக்கு மின்சாரம் ஊனோவின் 5 வோல்ட் முனையிலிருந்துதான். சனிக்கிழமை முதல் மூடி பாதி எழும்பியதும் சர்வோ நடுங்குகிறது, போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது, அதாவது நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சர்வோவைக் கழற்றினால் சென்சார் தூரத்தைச் சரியாகக் காட்டுகிறது. யுஎஸ்பி கேபிளை மாற்றினோம், புது 9 வோல்ட் பேட்டரி போட்டோம், வயர்களைப் பிடுங்கி மறுபடி சொருகினோம். அப்படியேதான் இருக்கிறது. நேற்று ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் போனை எடுத்துவிட்டாள்; அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

சர்வோவுக்கு மட்டும் தனியாக நான்கு ஏஏ பேட்டரி கொடுத்து, அதன் கிரவுண்டை (மைனஸ் வயரை) ஊனோவின் கிரவுண்டோடு இணைத்தால் சரியாகுமா?