ஜீப் ராங்லர் ஜேகே: பின் டிஃப் (டிஃபரன்ஷியல், ஆக்ஸில் நடுவே உள்ள கியர் தொகுதி) கவர் பாறையில் அடிபட்டு ஒழுகுது, எந்தக் கவர் போடலாம்?

பாறைவண்டி: 2014 ஜேகே, ரூபிகான் (பாறைக்கென்றே வரும் உயர் மாடல்) இல்லை. பின் டிஃப் கவரின் கீழ் விளிம்பு பாறையில் இடித்து நெளிந்துவிட்டது. கீழ் இடது போல்ட் பக்கம் ஆயில் கசியுது. ஒரே கவரை இரண்டு வாங்கி முன்னும் பின்னும் போடலாமா? அலுமினியமா, இரும்பா?

கிரவுன்பினியன்: இரண்டு வாங்காதீங்க. ரூபிகான் அல்லாத ஜேகேயில் முன்னால் டானா 30 ஆக்ஸில், பின்னால் டானா 44 ஆக்ஸில். இரண்டிலும் 10 போல்ட்தான், ஆனால் வடிவமும் அளவும் வேறு. போல்ட்டை எண்ணி ஆர்டர் போட்டுப் பணத்தை விடுபவர்கள் நிறைய. ஜேகேக்கு அடுத்து வந்த ஜேஎல் ராங்லரின் கவரும் இதற்குச் சேராது.

பாறைக்கு டக்டைல் இரும்பு (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) வார்ப்புதான் என் தேர்வு. அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறை அதைச் சுரண்டி எடுத்துவிடும். ஊர்ந்து போகிற வேகத்தில் அதிலுள்ள கூலிங் ஃபின்களால் (சூடு தணிக்கும் வரிகள்) பெரிய லாபமும் இல்லை. கனத் தகட்டை வெல்டிங் செய்த கவர் வாங்கினால், ஃபிளாஞ்சை (போல்ட் போடும் தட்டை விளிம்பு) கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. வெல்டிங் சூட்டில் கோணியிருந்தால் கசிவை அடைக்கும் எந்த சிலிக்கான் பசையும் நிற்காது.

எந்த உலோகமானாலும் கீழ் விளிம்பு சரிவாக இருக்கணும், போல்ட் தலைகள் குழிக்குள் இருக்கணும். ஒரிஜினல் கவரை உரித்தெடுப்பதே அந்த நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான்.

மண்பாதை: ஒரு சேர்க்கை. பழைய கவரைக் கழற்றியதும் அதன் உள்பக்கம் பாருங்க. வளைவாகக் கீறல் இருந்தால் கிரவுன் வீல் (டிஃப் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) உரசியிருக்கு. பல் முனைகளையும் ஆயிலில் இரும்புத் துகளையும் பார்க்காமல் மூடாதீங்க. ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் பிளக் கழலுதான்னு உறுதி செய்யுங்க. பின் டிராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புதுக் கவரில் இடிக்குதான்னு சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கிப் பார்க்கணும்.

பாறைவண்டி: நன்றி அண்ணா. கவர் வந்தாச்சு. கூட வந்த போல்ட் பழையதைவிட நீளம், ஊற்றும் துளையும் மேலே இருக்கு. சரியா?

கிரவுன்பினியன்: ஃபிளாஞ்ச் கனம் என்பதால் நீளம் வேணும்தான். ஆனால் சிலிக்கான் போடாமல் ஒருமுறை கையால் முறுக்கிப் பாருங்க தம்பி. துளையின் அடியில் போல்ட் முட்டினால் டார்க் ரென்ச் 'கிளிக்' சொல்லும், கவர் இறுகியிருக்காது. புதுக் கவர் ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்து, கியர் ஆயில் தாங்கும் ஆர்டிவி சிலிக்கானை 5 மி.மீ. பட்டையாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகச் சுற்றி விடுங்க. குறுக்கு வரிசையில் இரண்டு தடவையாக 41 நியூட்டன் மீட்டர். ஓர் இரவு விட்டு ஆயில் ஊற்றுங்க.

துளை மேலே இருக்கு என்பதற்காக அது வரை நிரப்பாதீங்க. மிகுதி ஆயில் பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுக் குழாய்) வழியாகவும் ஆக்ஸில் சீல் தாண்டி பிரேக்குக்கும் போகும். பழைய துளையின் உயரத்தை ஹவுசிங்கில் குறித்துக்கொண்டு அந்த மட்டத்தில் நிறுத்துங்க. ஒரிஜினல் கவரில் பின் டிஃப் சுமார் 2.25 லிட்டர் பிடிக்கும். இதில் சற்றுக் கூடலாம். டிராக்-லாக் (கிளட்ச் வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃப்) இருந்தால் ஃபிரிக்ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானமும் ஆயிலில் சேர்க்கணும்.

நாலுசக்கரம்: சுசுகி ஜிம்னிக்கும் இப்படிக் கவர் கிடைக்குமா?

மண்பாதை: ஜிம்னி பின் ஆக்ஸிலில் கழற்றும் கவரே கிடையாது. டிஃப் முன்பக்கமாகத்தான் வெளியே வரும். பின்னால் இருப்பது ஹவுசிங்கோடு சேர்ந்த தகடு. அதற்குக் கீழிருந்து போல்ட்டில் மாட்டும் ஸ்கிட் தகடு பாருங்க. வெல்டிங் வைத்தால் ஹவுசிங் கோணக்கூடும்.