சுத்தியலுக்குச் சிதறும் குவார்ட்ஸ், பூமிக்கடியில் உடையாமல் வளைவது எப்படி?

நிலாவெளியான்:
திருகோணமலையைச் சுற்றி குவார்ட்ஸ் பாறைக்குப் பஞ்சமில்லை. போத்தல் கண்ணாடியையே கீறும், சுத்தியலால் அடித்தால் கூர்ச்சில்லாகத் தெறிக்கும். 2004 இல் எங்கள் கரையை அழித்த சுனாமி கிளம்பிய சுமாத்திராவைப் போல, பூமியின் மேலோட்டுத் தகடு ஒன்று இன்னொன்றின் கீழே அமிழும் இடங்களில் இதே குவார்ட்ஸ் உருகாமலே இழுபட்டு ஓடுமாம். இது எப்படி நடக்கும்?

பாறைப்பித்தன்:
திண்மமாகவே ஓடும் தம்பி. படிகத்துக்குள் அணு வரிசையில் அங்கங்கே பிசகு இருக்கும், ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பிசகுகள் நகரும், அதனால் முழுத் தளமும் ஒரேயடியாக அறுபடத் தேவையில்லை, மணி, அதாவது பாறையிலுள்ள ஒவ்வொரு படிகத் துணுக்கும், மெல்ல மெல்ல நீளும். 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்த பாறைச் சீவலை முனைவாக்கிய ஒளியில் நுண்காட்டியின் கீழ் சுழற்றிப் பாருங்கள்: ஒரே மணிக்குள் இருட்டு அலையாக நகரும் (படிகம் வளைந்ததன் அடையாளம்), பெரிய மணியின் விளிம்பில் பொடிப்பொடியாகப் புது மணிகள் முளைத்திருக்கும். தண்ணீரும் முக்கியம். படிகத்துக்குள் கொஞ்சம் நீர் இருந்தால் சூட்டில் அதன் பலம் விழுந்துவிடும் என்று கிரிக்ஸ், பிளாசிக் என்ற ஆய்வாளர்கள் 1965 இலேயே காட்டிவிட்டார்கள்.

அலைவாய்:
அண்ணா சொன்னது சரி, ஆனால் அமிழும் தகடு குளிராகவே இறங்குகிறது. குளிர்ந்த வலயங்களில் 30 கிலோமீற்றர் ஆழத்திலும் 300 பாகை வராது. அங்கே பெரிய வேலையைச் செய்வது அழுத்தக் கரைவுதான் என்பது என் எண்ணம். மணியோடு மணி நெரிபடும் முகத்தில் குவார்ட்ஸின் பொருளான சிலிக்கா கரையும், மெல்லிய நீர்ப்படலம் அதைக் கொண்டுபோய் அழுத்தம் குறைந்த பக்கத்திலோ வெடிப்பிலோ படிய வைக்கும், கரையாத களியும் மைக்காவும் கறுப்புக் கோடாக மிஞ்சும். முன்பு இப்படி அமிழ்ந்து மேலே வந்த ஜப்பானின் ஷிமாந்தோ பாறைகளில் இப்படி வந்த வெள்ளை நரம்புகள் ஏராளம். மணி சிறுத்தால் வேகம் எகிறும்: நீர்ப்படலத்தில் சிலிக்கா பரவும் வேகமே தடையாக இருக்கும்போது விட்டம் பாதியானால் எட்டு மடங்கு. அதனால் நுண்ணிய வண்டல் அதிக சூடில்லாமலே ஓடும்.

நிலாவெளியான்:
நன்றி அண்ணா. அப்போ எங்கள் ஊர்க் கல்லும் அப்படித்தான் வளைந்ததா?

பாறைப்பித்தன்:
இல்லை. அது கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டியபோது ஆழ்மேலோட்டில் 700 பாகைக்கு மேல் வெந்தது, அந்தச் சூட்டில் மணி எல்லைகளே நகர்ந்து பெரிய மணிகளாக வளர்ந்துவிடும், பழைய அடையாளம் நிறைய அழிந்துவிடும். ஆழம்வரை அமிழ்ந்து மீண்ட கல்லை அறிய வேறு சாட்சி வேண்டும். ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஆழத்தில் குவார்ட்ஸ் அதன் அடர்ந்த வடிவமான கோசைற்றாக மாறும். 1984 இல் மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைராவில் ஷொப்பின் என்ற ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார், கார்னெட் என்ற கடினமான கனிமத்துக்குள் சிறைப்பட்டிருந்ததால்தான் மேலே வரும்வரை தப்பியது.